சேலத்தில் படித்துக்கொண்டே வேலை தேடுகிறவர்களுக்கு: முதல் விசாரிப்பு முதல் கடைசிச் சம்பளம் வரை

பஸ்ஸுக்கும் டீக்கும் ஜெராக்ஸுக்கும் வீட்டில் கை நீட்டச் சங்கடமாக இருக்க ஆரம்பித்ததும், பெரும்பாலும் எல்லோரும் முதலில் செய்வது போனை எடுத்து ‘பார்ட் டைம் ஜாப் சேலம்’ என்று தேடுவதுதான். வருவதெல்லாம் கன்சல்டன்சி விளம்பரமும், வீட்டிலிருந்தே டைப் செய்து சம்பாதிக்கலாம் என்கிற விளம்பரமும்தான். சேலத்தில் மாணவர்களுக்கு ஒத்துவரும் வேலைகள் பெரும்பாலும் நெட்டில் ஏறுவதே இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் முதலாளி பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி வைப்பார். மண்டபத்தில் பரிமாற ஆள் குறைந்தால் கேட்டரிங்காரர் ஏற்கெனவே வருகிற பையனிடம் “நாளைக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வாடா” என்பார். இங்கே வேலை வாய்வழியாகத்தான் போகிறது, அதனால் நேரில் போய்க் கேட்கப் பழகிவிட்டால் தேடலில் பெரிய பாரம் இறங்கிவிடும். எப்படிக் கேட்பது, என்ன கேட்பது, எதற்குத் தலையாட்டக் கூடாது என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

1. எதற்கு வேலை, எத்தனை மணி நேரம்

வேலை தேடுவதில் இரண்டு தனித்தனித் தேடல் இருக்கிறது. ஒன்று கைச்செலவுக்கும் ஃபீஸுக்கும் இந்த மாதமே பணம் வரவேண்டிய வேலை, இன்னொன்று படிப்பு முடிந்ததும் பார்க்கப்போகும் வேலைக்கு இப்போதே கை பழகுவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எது கிடைத்தாலும் திருப்தி வராது. ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு இது என் பி.எஸ்சி. இயற்பியலுக்கு எப்படி உதவும் என்று யோசித்தால் மனசு நொந்துபோகும், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்துவிட்டு ஃபீஸ் கட்ட வழி பார்த்தாலும் அதே கதைதான். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பி.காம். படிப்பவருக்கு ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி இரண்டும் சேர்ந்து அமையும் இடங்கள் சில உண்டு, அமைந்தால் விடாதீர்கள்.

அடுத்தது நேரம். கல்லூரி டைம்டேபிளையும் உங்கள் ஊர் கடைசி பஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் மிஞ்சுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆத்தூரிலிருந்தோ எடப்பாடியிலிருந்தோ வந்து போகிறவருக்கும் குகையில் வீடு இருப்பவருக்கும் ஒரே கணக்கு வராது. பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் ராத்திரி அந்த வண்டி எத்தனை மணி வரை ஓடுகிறது என்பதை விசாரித்துவிட்டுத்தான் வேலை நேரத்துக்குச் சம்மதிக்க வேண்டும்.

வருகைப்பதிவில் கை வைக்காதீர்கள். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் பணம்) கட்ட வேண்டிவரும், அதற்கும் கீழே இறங்கினால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள், அந்தப் பேப்பருக்காக ஒரு வருஷம் அலைய வேண்டியிருக்கும். வாரநாளில் 4 மணி நேரமும் ஞாயிறு முழு நாளும் என்பதே என் கண்ணுக்கு அதிகபட்சம். அதைத் தாண்டினால் முதல் வகுப்பில் தூங்கி விழுவீர்கள்.

வீட்டில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகள் வேலைக்குப் போகிறேன் என்றால் அப்பா அம்மா முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல, எங்கே, யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு வருவாய் என்பதைத்தான். அந்த மூன்றுக்கும் பதிலோடு போய்ப் பேசினால் பாதிச் சண்டை குறையும். அம்மாவை ஒருநாள் அந்தக் கடைக்கே கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் இன்னும் நல்லது.

2. எந்த மாதத்தில் எங்கே ஆள் எடுப்பார்கள்

சேலத்தில் வேலைக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அது தெரியாமல் ஆடி மாதத்தில் போய் மண்டபத்தில் வேலை கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கேட்டரிங் சர்வீஸ் முகூர்த்த நாளை நம்பியது. தை, வைகாசி, ஆவணியில் ஆள் பற்றாக்குறை, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது, புரட்டாசியில் பெரும்பாலோர் வைப்பதில்லை. முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை டிபன், மதியச் சாப்பாடு என்று நேரவாரியாகக் கூலி தருவார்கள், வேலை முடிந்ததும் கையில் காசு வரும். மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரே சிக்கல், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பந்தி பரிமாறிவிட்டு அன்றைக்குக் கல்லூரிக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாகப் பார்த்துச் சம்மதியுங்கள்.

ஆடியில் மண்டபம் காய்ந்தால் கடைவீதி நனையும். ஆடித் தள்ளுபடியும் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் சேர்ந்து வரும் அந்த வாரங்களில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை எல்லாவற்றிலும் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். அதைவிடப் பெரிய ஆள்சேர்ப்பு தீபாவளிக்கு, ஒரு மாதம் முன்னாலேயே ஐந்து ரோடு, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள பெரிய கடைகளில் தொடங்கிவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நவம்பர் செமஸ்டரும் தீபாவளிக் கூட்டமும் பல வருஷங்களில் முட்டிக்கொள்ளும். தேர்வு அட்டவணை வந்தபிறகு லீவு கேட்டால் கடைக்காரர் கோபப்படுவார், அதில் நியாயமும் உண்டு. சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் மாதத்திலிருந்து மாம்பழ மண்டிகளில் தரம் பிரிக்க, பெட்டி கட்ட ஆள் வேண்டும். அதே நேரத்தில் ஏற்காட்டில் சீசன். மே மாதக் கோடை விழா முடியும்வரை லாட்ஜ், ரிசார்ட், ரெஸ்டாரன்ட் எல்லாம் ஆளுக்குப் பறக்கும். கீழே சேலத்தில் இருந்துகொண்டு தினமும் 20 ஊசி வளைவு ஏறி இறங்கி வேலை பார்ப்பது நடக்காத காரியம், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். அதனால் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, வார விடுமுறை, தங்கும் அறையில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, முடிந்தால் அந்த அறையைப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். பெங்களூருவிலிருந்து வரும் கூட்டம் அதிகம், அதனால் ஆங்கிலம் பேசிப் பழக இது நல்ல இடம், கொஞ்சம் கன்னடமும் வந்துவிட்டால் ரிசப்ஷனில் உட்கார வைப்பார்கள். மலைக் கிராமங்களிலிருந்து படிக்கிறவர்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கும் காலம் நவம்பரில் தொடங்குகிறது. கூலி உடனே வரும் என்றாலும் தேர்வும் அப்போதுதான், வீட்டில் பேசி ஞாயிறு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

சீசன் இல்லாமல் வருஷம் முழுக்க இருக்கும் வேலைகளில் நான் முதலில் சொல்வது ஆடிட்டர் ஆபீஸும் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கும் இடங்களும். கடைக்காரர்கள் மாதாமாதம் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி. படிவங்களில் ஜி.எஸ்.டி.ஆர். 1 மாதம் 11-ம் தேதிக்குள், 3பி 20-ம் தேதிக்குள் என்பதால் மாதத்தின் முதல் இருபது நாளும் அங்கே பில் என்ட்ரி குவிந்து கிடக்கும், ஜூலையில் வருமான வரிக் கணக்கு வேறு. டாலி என்கிற கணக்கு மென்பொருள் தெரிந்த பி.காம். மாணவர் மாதம் பிறக்கிற வாரத்தில் போய்க் கேட்டால் இல்லை என்று சொல்ல அவர்களுக்கே மனசு வராது. லீ பஜார் மொத்தக் கடைகளிலும் இதே வேலை உண்டு, அங்கே சம்பளம் குறைவாக இருந்தாலும் சரக்கு எப்படி நகர்கிறது, கடன் எப்படி வசூலாகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம், எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை.

டியூஷன் எடுக்க விருப்பமா? அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், கண்ணங்குறிச்சி பக்கம் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் சொல்லி வையுங்கள். எந்த வீட்டில் எந்தக் கிளாஸ் பிள்ளை இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஐந்திலிருந்து எட்டாம் வகுப்பு வரை போதும், பத்தாம் வகுப்புக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டால் மார்க் குறைந்ததற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டெலிவரி வேலை நேரத்துக்கு வசதியானது. 18 வயது, லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் கட்டாயம். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ், டெலிவரிக்கு ஓட்டும்போது நடந்த விபத்துக்குப் பணம் தர மறுக்கலாம், பாலிசியை எடுத்துப் படித்துவிட்டு இறங்குங்கள். வருமானம் என்று அவர்கள் காட்டும் தொகையில் பெட்ரோல், சர்வீஸ், டயர் எதுவும் கழிந்திருக்காது.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறைகள், இளம்பிள்ளையில் சேலை. இந்தத் தொழில்களில் இப்போது விற்பனை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நடக்கிறது. சரக்கு நன்றாக இருக்கும், போட்டோ மங்கலாக இருக்கும், விலை கேட்டவருக்கு ரெண்டு நாள் கழித்துப் பதில் போகும். ஒழுங்காகப் போட்டோ எடுக்கவும், கேட்பவருக்கு உடனே பதில் சொல்லவும், பார்சல் கட்டி கூரியரில் போடவும் தெரிந்த ஒரு மாணவருக்கு இங்கே மாலை வேலை நிச்சயம் உண்டு. அவர்களாகத் தேட மாட்டார்கள், நீங்கள்தான் அவர்கள் சேலையில் நாலு போட்டோ எடுத்துக் காட்ட வேண்டும். ஆனால் தறியிலோ பட்டறையிலோ முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேராதீர்கள். அந்தக் கடன் தீரும்வரை வேலையை விட முடியாது, தேர்வு என்றாலும் விடமாட்டார்கள்.

3. கையில் என்ன வேண்டும்

கடை வேலைக்கு ஆதார் ஜெராக்ஸ், கல்லூரி ஐ.டி., ஒரு போட்டோ, வங்கிக் கணக்கு எண் போதும். அலுவலக வேலைக்கு ஒரு பக்க ரெஸ்யூம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், அப்பா பெயரும் மதமும் ரேஷன் கார்டு எண்ணும் அதில் வேண்டாம். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், எக்செல் தெரியும் என்று எழுதினால் அங்கேயே உட்காரவைத்து ஒரு கூட்டல் போடச் சொல்வார்கள்.

4. நேரில் போய்க் கேட்பது

கூச்சம் வருவது இந்த இடத்தில்தான், இதைத் தாண்டாமல் மற்றது எதுவும் நடக்காது. ஜவுளிக்கடைக்கு மதியம் இரண்டரையிலிருந்து நாலு வரை போங்கள், கூட்டம் இருக்காது. மொத்தக் கடைக்கு லோடு இறங்கும் நேரத்தில் போகாதீர்கள். எங்கேயும் கடை திறந்து சாமி கும்பிடும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். தனியாகப் போங்கள், நாலு நண்பர்களோடு போனால் விளையாட்டுக்கு வந்த கூட்டம் என்று நினைப்பார்கள்.

உள்ளே போனதும் உங்கள் வயதில் வேலை பார்க்கிற ஒருவரிடம் முதலில் பேசுங்கள். “அண்ணா, இங்க சாயங்கால வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா? யாரைக் கேக்கணுங்கண்ணா?” சம்பளம் சரியான தேதிக்கு வருகிறதா என்ற உண்மையும் அவரிடம்தான் கிடைக்கும். அப்புறம் மேனேஜரிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: “சார், நான் பி.காம். ரெண்டாவது வருஷம் படிக்கறேங்க. தினமும் அஞ்சு மணிக்கு மேல வர முடியும், ஞாயித்துக்கிழமை முழு நாள் வருவேங்க. செமஸ்டர் டைம்ல மட்டும் ரெண்டு வாரம் லீவு வேணும்.” எந்த நேரம் வரமுடியும் என்று தெளிவாகச் சொல்கிற பையனை அவர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் “எந்த டைம்னாலும் ஓகே சார்” என்று சொல்லிவிட்டுப் பத்தாம் நாள் நின்றுவிடுகிறார்கள்.

இப்போது வேண்டாம் என்றால் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எந்தக் கடை, யாரிடம் பேசினோம், என்ன சொன்னார் என்று நோட்டில் குறித்துவைத்து பத்து நாள் கழித்து மறுபடி போங்கள். இரண்டாம் முறை வந்து நிற்பவரின் முகம் ஞாபகத்தில் நிற்கும். உங்கள் கல்லூரி சீனியர்களையும் விடாதீர்கள், வேலையை விட்டுப் போகிறவரின் இடம் பெரும்பாலும் அவர் கைகாட்டுகிற ஆளுக்குத்தான் போகிறது.

5. சேருவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. மாதம் 6,000 ரூபாய், தினமும் 5 மணி நேரம், 26 நாள் என்று ஒரு கடையில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 130 மணி நேரம், மணிக்கு 46 ரூபாய் சொச்சம். பஸ்ஸுக்கும் டீக்கும் தினம் 30 ரூபாய் போனால் 780 ரூபாய் கழிந்து, மணிக்கு 40 ரூபாயில் வந்து நிற்கிறது. வீட்டுப் பக்கத்திலேயே 5,500 தருகிற இடம் இருந்தால் அதுதான் லாபம். எந்த வேலையையும் இப்படி மணிக்கணக்கில் உடைத்துப் பாருங்கள்.

சம்பளத் தேதி எது, முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார்களா, டிரெய்னிங் என்று சொல்லும் நாட்களுக்குக் காசு உண்டா, லீவு போட்டால் ஒரு நாளுக்கு ஒரு நாள்தான் கழிப்பார்களா இல்லை ரெண்டு நாளா, யூனிஃபார்முக்குப் பிடிப்பார்களா, கேஷில் உட்கார்ந்தால் குறைகிற பணத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் முதல் நாளே கேட்க வேண்டியவை. கேட்டால் வேலை கிடைக்காதோ என்று பயப்படாதீர்கள், ஒழுங்கான முதலாளி இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பார். பேசி முடித்துவிட்டு வெளியே வந்ததும் மேனேஜருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: “சார், நாளை முதல் மாலை 5 முதல் 9 வரை, மாதச் சம்பளம் இவ்வளவு, 5-ம் தேதி என்று சொன்னீர்கள், வந்துவிடுகிறேன்.” அவர் சரி என்று ஒரு வார்த்தை போட்டாலும் அது எழுத்து.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் மிகைநேரக் கூலி தர வேண்டும். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்க வேண்டியிருந்த ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்காக 2021-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சேர்த்தார்கள். பண்டிகைக் கூட்டத்தில் கால் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்த எத்தனையோ அக்காக்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பெண்கள் கழிப்பறை எங்கே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது தப்பாக நடந்தால் 181 மகளிர் உதவி எண், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம்.

6. எதற்குமே சம்மதிக்கக் கூடாதவை

வேலைக்காக நீங்கள் பணம் கட்டக் கூடாது. ரெஜிஸ்ட்ரேஷன், டெபாசிட், லேப்டாப் சார்ஜ், ஐ.டி. கார்டு சார்ஜ், என்ன பெயர் வைத்தாலும் சரி. டேட்டா என்ட்ரி என்று சொல்லி அக்ரிமென்ட் போட்டு, தப்பு இருக்கிறது, அபராதம் கட்டு, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டுவது பழைய ஏமாற்று. ஹோட்டலுக்கு ஸ்டார் போட்டால் காசு என்று டெலிகிராமில் ஆரம்பித்து, முதலில் நூறு இருநூறு அனுப்பிவிட்டு அப்புறம் ஆயிரக்கணக்கில் போடச் சொல்வது புதியது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க வாய்ப்பு உண்டு.

வங்கிக் கணக்கையும் சிம்மையும் வாடகைக்குக் கேட்பவர்களிடம் மாட்டவே மாட்டாதீர்கள். உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன் என்பார்கள். அது திருட்டுப் பணம், போலீஸ் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. மார்க் ஷீட் ஒரிஜினலை எந்த முதலாளியிடமும் கொடுத்து வைக்காதீர்கள், காட்டிவிட்டு ஜெராக்ஸ் கொடுத்தால் போதும். தாய்லாந்தில் டைப்பிங் வேலை என்று கூட்டிப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் சைபர் மோசடிக் கூடாரங்களில் அடைத்துவைத்த கதைகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு வா என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

7. மூன்றாம் வருஷம் வருவதற்குள்

பணத்துக்கான வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே இதையும் ஓரமாக நகர்த்த வேண்டும். கோரிமேட்டில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு மையத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். பதிவு செய்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள், அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள், தனியார் நிறுவனங்களைக் கூப்பிட்டு வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். அரசின் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் பதிவு செய்வதற்குக் காசு கிடையாது.

டைப்ரைட்டிங் பழகுங்கள். பழைய காலத்து விஷயம் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும், அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தமிழும் ஆங்கிலமும் முதுநிலை பாஸ் செய்து வைத்தவருக்கு குரூப் 4 தட்டச்சர் பணியில் போட்டி குறைகிறது. தினம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் கேட்காது.

பட்டமோ டிப்ளமோவோ முடித்ததும் அப்ரன்டிஸ் வாய்ப்பைப் பாருங்கள். சேலம் உருக்காலை, ரயில்வேயின் சேலம் கோட்டம், அரசுப் போக்குவரத்துக் கழகம் எல்லாம் அறிவிப்பு விடுகிற இடங்கள். போக்குவரத்துக் கழகம் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களையும் எடுத்திருக்கிறது. நிரந்தர வேலை என்று யாரும் உறுதி தர மாட்டார்கள், ஒரு வருஷம் உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் செமஸ்டரோடு வரும் கோர்ஸ்களை வருகைக்காக உட்கார்ந்து கடத்தாதீர்கள், இன்டர்வியூவில் பேச உங்களுக்கு இருக்கிற ஒரே செய்முறை அனுபவம் சில நேரம் அதுவாகத்தான் இருக்கும். ஐ.டி. பக்கம் ஆசை என்றால் ஜாகீர் அம்மாபாளையத்தில் அரசின் எல்காட் ஐ.டி. வளாகத்தில் என்னென்ன நிறுவனங்கள் இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். ஊருக்குள் மெடிக்கல் பில்லிங் அலுவலகங்களும் உண்டு, அமெரிக்க நேரத்துக்கு ராத்திரி ஷிப்ட் என்பதால் படிக்கும்போது வேண்டாம், முடித்தபிறகு பார்க்கலாம்.

8. வேலையை விடும்போது

தேர்வுக்காகவோ வேறு வேலைக்காகவோ விடுவதாக இருந்தால் பதினைந்து நாள் முன்னால் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் இடத்துக்கு ஒரு ஜூனியரைக் கூட்டிவந்து விடுங்கள். கடைசி நாளிலேயே மீதிச் சம்பளக் கணக்கைப் பேசி முடித்து, எந்தத் தேதியில் தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லெட்டர்பேடில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை பார்த்தார் என்று நாலு வரி எழுதி முத்திரையோடு வாங்கிவிடுங்கள், இரண்டு மாதம் கழித்துப் போனால் அந்த மேனேஜரே அங்கே இருக்க மாட்டார். பி.எஃப். பிடித்திருந்தால் யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். கணக்கு அடையாள எண்ணைக் குறித்து வைத்து அடுத்த இடத்தில் அதையே கொடுங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள். சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தால், அந்த முதல் நாள் வாட்ஸ்அப்பையும் வேலைக்கு வந்த நாட்களைக் குறித்த நோட்டையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வரக் கூடாது.